சூரனும் நோன்பிருந்தான்

(கந்தசஷ்டிக் காப்புக்கு முதல்நாள் மாலை, யாழ்ப்பாணத்துக் கோயில் ஒன்றில் அடியார்களுக்கு ஆற்றிய உரை)



நாளை விடிந்தால் ஐப்பசி வளர்பிறைப் பிரதமை. காலைப் பூசை முடிந்ததும் ஐயர் தர்ப்பைக் காப்புக் கட்டுவார். ஆண்களுக்கு வலக்கையில், பெண்களுக்கு இடக்கையில். தீபாவளி அலுப்பு ஆறமுதலே பல வீடுகளில் அடுப்படி கழுவி, மச்சச் சட்டிகளைப் புறம்பாக எடுத்து வைத்திருப்பீர்கள். வருடக்கணக்காகச் சஷ்டி பிடிக்கிற அம்மாமார் வழக்கம்போல முன்வரிசையில் இருக்கிறீர்கள். பின்னுக்குச் சில புதுமுகங்களும் தெரிகின்றன. இந்த வருடம்தான் துணிந்திருக்கிறார்கள் போல. எல்லாரும் வாருங்கள்.

காப்புக் கட்ட முதல் உங்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும் என்று எனக்குக் கனநாளாக மனதில் கிடக்கிறது. இந்த ஆறு நாட் கதையில் முதன்முதல் உடம்பை வருத்தி நோன்பிருந்தவன் முருகனடியான் இல்லை. சூரபன்மன். அவன் இருந்த நோன்பைப்போல நம்மில் ஒருவரும் இருக்கமாட்டோம், நினைத்தும் பார்க்கமாட்டோம். அப்படி இருந்தவனைத்தான் ஆறாம் நாள் பின்னேரம் நம் வீதியில் வைத்து வேல் வெல்கிறது. இதை யோசிக்காமல் காப்புக் கட்டக்கூடாது என்பது என் எண்ணம்.

சூரை வென்ற முருகன் கதை நமக்கு மிகப் பழைய சொத்து. சூரன் மாமரமாய் நின்றதும் அதை முருகன் தடிந்ததும் சங்கப் பாடல்களே அறிந்த செய்தி. நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் பாடியிருக்கிறார். ஐப்பசியில் ஆறு நாள் உபவாசம் என்ற ஒழுங்கை நாம் எடுத்துக்கொண்டது கந்தபுராணத்திலிருந்து. காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய நூல் அது. ஆறு காண்டம், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு. காஞ்சியில் பிறந்த புராணத்தை யாழ்ப்பாணத்தான் தன் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்தான். மண்டபத்தில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, படிக்கத் தெரியாத கிழவிகூடச் சூரன் மகன் பானுகோபன் எந்த நாள் என்ன மாயம் செய்தான் என்று பிழையில்லாமற் சொல்லுவாள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நம்முடைய வாழ்க்கை முறைக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயர் கொடுத்தார். இன்றைக்குப் புராணப் படிப்பு நடக்கும் கோயில்கள் குறைந்துபோய்விட்டன. எனக்கு அதில் பெரிய கவலை இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் பூசைக்குப் பிறகு என்னிடம் வாருங்கள். பயன் சொல்லப் பழக்கிவிட ஆள் இன்னும் இருக்கிறது.

அந்தப் புராணத்தின் கடைசிக் காண்டம் தட்ச காண்டம். அதில் கந்த விரதப் படலம் என்று ஒரு பகுதி வருகிறது. முசுகுந்தச் சக்கரவர்த்தி வசிட்ட முனிவரிடம் போய், முருகனுக்குரிய விரதங்கள் எவை என்று கேட்கிறான். வசிட்டர் வெள்ளிக்கிழமை விரதத்தைச் சொல்லுகிறார். கார்த்திகை விரதத்தைச் சொல்லுகிறார். பிறகு சஷ்டி விரதத்தைச் சொல்லுகிறார். சூரனை வென்ற வேலவனை முனிவரும் தேவரும் ஐப்பசி வளர்பிறைப் பிரதமை தொடங்கி ஆறு நாள் நோன்பிருந்து வழிபட்டார்கள் என்பதே அவர் காட்டும் தொடக்கம். அதைக் கேட்டு முசுகுந்தனும் விரதம் பிடிக்கிறான். முருகன் காட்சி கொடுத்தபோது அவன் என்ன கேட்டான் தெரியுமா? உன் படைத்தலைவர் வீரவாகுவையும் அவர் தம்பிமாரையும் எனக்குத் துணையாகத் தா என்று கேட்டான். பூமியை ஆளுகிற அரசன் கேட்டது நல்ல துணையை. இதை மனதில் வைத்துக்கொண்டு இப்போது சூரன் என்ன கேட்டான் என்று பாருங்கள்.

காசிபருக்கும் மாயைக்கும் பிறந்த பிள்ளை சூரன். சிங்கமுகனும் தாரகனும் தம்பிமார், அசமுகி தங்கை. தாய் சொன்னபடி சிவனை நோக்கி வேள்வி செய்யப் போகிறான். உணவை விட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். தன் உடம்பின் தசையையே அரிந்து அரிந்து வேள்வித் தீயில் இடுகிறான். அதற்கும் இறைவன் வரவில்லை என்று கண்டு, கடைசியில் தானே தீக்குள் பாய்கிறான். அப்போதுதான் சிவபெருமான் வருகிறார். கேட்டதெல்லாம் கிடைக்கிறது: ஆயிரத்தெட்டு அண்டத்தின் ஆட்சி, நூற்றெட்டு யுகம் வாழ்வு, அழியாத உடம்பு, நினைத்த இடம் போகும் தேர்.

நோன்பு பொய் என்று புராணம் சொல்லவில்லை. சூரனுடைய தவம் மெய்யான தவம், பலித்த தவம். பலனைக் கையில் வாங்கியவுடன் அவன் செய்த காரியத்தை அசுர காண்டத்தில் வாசித்துப் பாருங்கள். தேவர்களைக் கூப்பிட்டு, என் ஆட்களுக்குக் கடலில் மீன் பிடித்துச் சுமந்து கொண்டுவாருங்கள் என்று ஏவுகிறான். இந்திரன் ஓடி ஒளிக்கிறான். அவன் மகன் சயந்தன் சூரனுடைய தலைநகரான மகேந்திரபுரியின் சிறையில் கிடக்கிறான். தன் வயிற்றை அவ்வளவு காய வைத்தவனுக்கு மற்றவன் முதுகில் மீன்கூடையை ஏற்ற எப்படி மனம் வந்தது? என் வருத்தத்துக்குக் கிடைத்த கூலி இது, எனக்கு இது சேரவேண்டியது என்ற எண்ணம்தான். வருந்திப் பெற்றவனுக்கு அந்த எண்ணம் வருவது சுலபம். வருந்தாமல் பெற்றவனைவிடச் சுலபம்.

இப்படிச் சொல்லும்போது சூரனைத் தூரத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். மகேந்திரபுரி தென்கடலில் இருந்ததாகவும் அதற்கு வடக்கே நம்முடைய இலங்கை அவனுடைய காவல் நகரமாக இருந்ததாகவும் புராணம் சொல்லுகிறது. வீரவாகுதேவர் தூது போகும்போது இலங்கையைக் கடந்துதான் போகிறார். கதை நம் மண்ணைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

தூதனுப்பிப் பார்த்தார் முருகன். தேவரைச் சிறைவிடு, உனக்கு ஒரு குறையும் வராது என்று சொல்லிப் பார்த்தார். சூரனுடைய சொந்தத் தம்பி சிங்கமுகனே சபையில் எழும்பி, வந்திருப்பவன் குழந்தை என்று நினையாதே, அவன் பரம்பொருள், தேவரை விட்டுவிடு என்று புத்தி சொன்னான். சூரன் கேட்கவில்லை. பிறகு போர். பானுகோபன் போனான், புத்தி சொன்ன சிங்கமுகனும் போனான். தனித்து வந்து நின்ற சூரனுக்கு முருகன் தன் பேருருவத்தைக் காட்டினார். அண்டமெல்லாம் அந்த உருவத்துக்குள் கிடந்தன.

கந்தபுராணத்தில் எனக்கு அதிகம் பிடித்த இடம் இதுதான். படிப்பு நடக்கும்போது இந்த இடம் வந்தால் நான் வேறு வேலைக்கு எழும்பமாட்டேன். சூரன் பார்க்கிறான். கோபம் இறங்கிவிடுகிறது. இவனையா பாலன் என்று இகழ்ந்தேன் என்று நெஞ்சு உருகுகிறது. கால் வலம்வர ஆசைப்படுகிறது. கை குவிய ஆசைப்படுகிறது. தலை வணங்கத் தயாராகிவிட்டது. அங்கமெல்லாம் அடியவனாகத் தயார். எல்லாம் தயாரான பிறகும் அவன் கும்பிடவில்லை. ஏன்? மானம் விடவில்லை. ஆயிரத்தெட்டு அண்டத்துக்கு அரசன், இவ்வளவு தவம் செய்தவன், இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கைகூப்புவது என்ற அந்த ஒன்றுதான் குறுக்கே நின்றது. பிறகு முருகன் பழையபடி பிள்ளை உருவத்துக்கு வந்ததும் சூரனுக்கும் பழைய புத்தி வந்துவிடுகிறது.

ஆண்டவன் முன்னுக்கு நின்றார். அறிவு வந்துவிட்டது. அன்பும் வந்துவிட்டது. அவனுக்கு வராதது ஒன்றே ஒன்று, இறங்கிவருதல். தசையை அரிந்து தீயில் இட்டவனால் தலையைக் கொஞ்சம் தாழ்த்த முடியவில்லை. நாளைக்கு நாம் தொடங்குகிற ஆறு நாளும் எதை ஒறுக்கவேண்டும் என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். வயிறு காய்வது அதற்கான வழி. காயவேண்டியது மானம்.

இப்போது விரத முறைக்கு வருவோம். ஒவ்வொரு வருடமும் பலர் கேட்கிறபடியால் இதைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

நல்லூர் ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் விரதத்துக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார். மனம் புலன்களின் வழியே ஓடாமல் நிற்பதற்காக உணவை அறவே விட்டோ, குறைத்தோ, மனத்தாலும் வாக்காலும் உடம்பாலும் கடவுளை அன்போடு வழிபடுவது என்பது அதன் சாரம். குறைத்தும் இருக்கலாம் என்று நாவலரே இடம் வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஆசார விஷயத்தில் அவரைப்போலக் கண்டிப்பானவர் நம் நாட்டில் இல்லை. சஷ்டிக்கு அவர் சொன்ன ஒழுங்கும் அப்படித்தான்: ஆறு நாளும் உபவாசம் இருப்பது உத்தமம், இயலாதவர்கள் ஐந்து நாள் ஒருபொழுது உண்டு சஷ்டியன்று மட்டும் உபவாசம் இருக்கலாம். ஆறு வருடம் தொடர்ந்து பிடிக்கவேண்டும்.

நம் ஊர் வழக்கத்தில் இதற்குள் பல படிகள் உண்டு. சிலர் தண்ணீர் மட்டும் குடித்து ஆறு நாளும் இருப்பார்கள். சிலர் இளநீர் மட்டும். சிலர் இரவுப் பூசை பார்த்த பிறகு பாலும் பழமும் ஒருமுறை. மிளகு விரதம் பிடிக்கிறவர்களும் உண்டு. சில மிளகை மென்று தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிடப்பார்கள். அநேகம் பேர் மத்தியானம் ஒருநேரம் மரக்கறிச் சோறு சாப்பிட்டுக் கடைசி நாள் மட்டும் பட்டினி கிடப்பார்கள். தமிழ்நாட்டிலே திருச்செந்தூரில் ஆறு நாளும் கோயிலிலேயே தங்கி, பிராகாரத்தில் பாய் விரித்துப் படுத்து விரதமிருக்கிற அடியார் கூட்டத்தைப் பார்க்கலாம். சூரன் போருக்கு முருகன் படைவீடு அமைத்த இடம் என்பதால் அங்கே கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கிறது. நம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போய்வருகிறார்கள்.

இந்தப் படிகளில் எது உயர்ந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். மண்டபத்துக்குள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வதையும் விட்டுவிடுங்கள். "நான் தண்ணிதான். நீங்க பாலும் பழமுமோ?" என்று கேட்கிற குரல் என் காதிலும் விழுந்திருக்கிறது. கேட்கிறவருக்குத் தெரியாமலே அந்தக் கேள்விக்குள் சூரன் வந்து இருந்துவிடுகிறான். பாலும் பழமும் என்று பதில் சொன்ன பிள்ளைக்கு முகம் சுருங்கியதையும் கண்டேன். அவள் காலை நாலு மணிக்கு எழும்பி, வீட்டில் விரதமில்லாத ஆறு பேருக்கு இரண்டு நேரம் சமைத்துவைத்து, வாசனையெல்லாம் மூக்கிலே ஏறியும் உப்புப் பார்க்காமல் இறக்கிவிட்டுக் கோயிலுக்கு வருகிறவள். பசியோடு மற்றவருக்குச் சோறு போடுகிற கை எந்தக் கணக்கிலும் குறைந்த கை ஆகாது. ஆண்களுக்கும் சொல்லுகிறேன்: மனைவி சஷ்டி பிடித்தால் இந்த ஆறு நாளும் அடுப்படியில் ஒரு நேரத்தை நீங்கள் பொறுப்பெடுங்கள். கட்டியிருக்கிற காப்பைவிட அதை முருகன் முதலில் பார்ப்பார்.

சீனி வருத்தக்காரரும் பிரஷர்காரரும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கிளினிக்கில் தந்த குளிசையை விரதத்துக்காக நிறுத்தவேண்டாம். ஊசி போடுகிறவர்கள் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தால் சீனி இறங்கி, மயங்கி விழுவீர்கள், உயிருக்கே ஆபத்து. டொக்டரிடம் கேட்டு, அவர் சொல்லுகிறபடி ஒருநேரமோ இரண்டு நேரமோ சாப்பிட்டு விரதம் பிடியுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் உபவாசம் இருக்கவேண்டியதில்லை. மச்சத்தைத் தவிர்த்து, காலை மாலை கோயிலுக்கு வந்து, கந்தசஷ்டிக் கவசம் பாடினால் போதும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. காலையில் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள். விட்டோ குறைத்தோ என்று நாவலர் திறந்துவைத்த வாசலை நாங்கள் பூட்டக்கூடாது. அந்த வாசலால் போவது வெட்கம் என்று நினைக்கிற மனம், பேருருவத்தின் முன் சூரனைக் கும்பிடவிடாத அதே மனம்தான்.

இன்னொன்று. சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். சஷ்டி பிடித்தால் பிள்ளைப்பேறு உண்டாகும் என்ற நம்பிக்கை நம் சனத்துக்குள் ஆழமாக ஊறியது. அந்த வேண்டுதலோடு கண்ணீர் விட்டுக் கும்பிடுகிற பெண்கள் ஒவ்வொரு வருடமும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். நானும் அவர்களுக்காக வேண்டுகிறேன். ஆனால் விரதக் களையோடு ஒரு பெண் தூணில் சாய்ந்து இருக்கும்போது பக்கத்தில் போய், "எத்தனையாவது வருசம் பிடிக்கிறாய், இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்காதீர்கள். அக்கறையில்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். அந்தக் கேள்வி அவளுடைய ஆறு நாளையும் முறித்துவிடுகிறது. பிள்ளை பிறக்காதது அவளுடைய விரதத்தில் வந்த குறை என்று புராணத்தில் எங்கேயும் இல்லை. தம்பதியாக இருவரும் வைத்தியரிடம் போவதை விரதம் தடுக்கவும் இல்லை. கேட்டதற்கெல்லாம் கேட்டபடி கிடைத்த ஒருவனின் கதையைத்தானே நாம் இந்த ஆறு நாளும் கேட்கிறோம்? கிடைத்தது அவனைக் காப்பாற்றவில்லை. உங்களுக்குக் கிடைக்காதது உங்களை ஆண்டவனுக்குத் தூரமாக்கவும் இல்லை, பிள்ளைகளே.

பட்டினி வேறு, விரதம் வேறு என்று நம்முடைய ஊருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1995ஆம் ஆண்டு கந்தசஷ்டி ஒக்டோபர் மாதக் கடைசியில் வந்தது. சஷ்டி முடிந்த கையோடு, ஒக்டோபர் 30 இரவு, போருக்குத் தப்பி வலிகாமத்துச் சனம் திரண்டு மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. இங்கே இருக்கிற பெரியவர்கள் அதிலே நடந்தவர்கள். பாறணைச் சோறு சரியாகச் செமிக்க முதலே பட்டினி தொடங்கிவிட்டது. கல்வீட்டுக்காரரும் கொட்டில்காரரும், படித்தவரும் படியாதவரும், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, மணிக்கணக்காக ஓரிடத்திலேயே நின்று நின்று நகர்ந்தார்கள். யார் என்ன சாதி, யார் வீட்டில் எத்தனை அறை என்பதை அந்த இரவு ஒருவரும் கேட்கவில்லை. தென்மராட்சியில் முன்பின் அறியாதவர்கள் தங்கள் வீட்டுத் தாழ்வாரத்தைத் திறந்துவிட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். அந்தக் கஞ்சியைக் கைநீட்டி வாங்கியவர்களில் அதற்கு முதல் ஒருவரிடமும் கைநீட்டாதவர்கள் பலர் இருந்தார்கள்.

அந்தப் பசி நமக்கு வந்து விழுந்தது. அதை விரதம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பசியோடு நடப்பதில் புண்ணியம் தேடுவது பாவம். ஆனால் அந்த இரவில் நம்மைவிட்டுக் கழன்றுபோன ஒன்றை, வீடு திரும்பிக் கூரை வேய்ந்ததும் நாம் திரும்ப எடுத்து உடுத்திக்கொண்டோம். சஷ்டியில் நாங்களே விரும்பிப் பசியோடு இருந்து, விரும்பியே அதைக் கழற்றப் பார்க்கிறோம். உலை வைக்க அரிசி இருந்தும் வைக்காமல் இருக்கிறோம். அரிசியே இல்லாதவன் பக்கத்து ஒழுங்கையில் இருந்தால் நம் ஆறு நாள் மிச்ச அரிசி எங்கே போகவேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை.

நாவலரைப் பற்றிச் சொன்னேன். விரத விதியை எழுதிய அதே நாவலர்தான் 1870களின் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர். ஒரு கை உபவாசம் எழுதியது, மறு கை கஞ்சி வார்த்தது. நம்மில் சிலர் முதற்கையை மட்டும் பிடித்துக்கொண்டு நாவலர் வழி என்கிறார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை நம் சனம் அன்னதானக் கந்தன் என்றுதான் கூப்பிடுகிறது. ஆற்றங்கரையில் அவர் வேலாகவே இருக்கிறார். சுற்றிவர மடங்களில் வருகிறவனுக்கெல்லாம் சோறு. சூரனை வென்ற அதே வேல்.

ஆறாம் நாள் பின்னேரத்துக்கு வருவோம். போரின் முடிவில் சூரன் கடல் நடுவே மாமரமாக நின்றான். வேல் அதைப் பிளந்தது. பிளவு ஒன்று மயிலானது, மற்றது சேவலானது. மயிலில் ஏறினார், சேவலைக் கொடியில் வைத்தார். சிவன் கொடுத்த வரம் பொய்க்கவில்லை. சூரன் அழியவும் இல்லை. கும்பிட மறுத்தவன் சுமக்கிறவனாகிவிட்டான். தேவர் முதுகில் மீன் ஏற்றியவனுடைய முதுகில் இப்போது குமரன் இருக்கிறான்; அந்தச் சுமை அவனுக்குக் கிடைத்த பேறு.

நம் கோயில் சூரனைக் கிட்டப்போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வாகனசாலையின் மூலையில் வருடம் முழுக்கத் துணி போர்த்து நிற்கிறான். மரத்தில் செய்த உடம்பு, பெரிய மீசை, கையில் வாள். கழுத்திலே ஒரு துளை. தம்பிமாரின் யானைத்தலையையும் சிங்கத்தலையையும் அவனுடைய சொந்தத் தலையையும் மாறி மாறி அதிலே செருகவேண்டும். ஒவ்வொரு முறை வேல் வந்து தொடும்போதும், பின்னால் குனிந்திருக்கிற ஒருவர் ஒரு தலையைக் கழற்றி அடுத்த தலையைச் செருகுவார். சனம் முன்னுக்கு நின்று வாள் சுழல்வதைப் பார்க்கும். அந்த மனிதரை ஒருவரும் பார்ப்பதில்லை. தோளிலே தண்டு அழுத்த, சூரனை ஆட்டிக்கொண்டு வீதி நீளத்துக்கு ஓடுகிற பெடியன்களும் ஆறு நாளும் விரதம். முருகனைச் சுமக்கிறவன் விரதமிருப்பது எல்லாருக்கும் விளங்கும். சூரனைச் சுமக்கிறவனும் விரதம் இருக்கவேண்டும் என்று நம் முன்னோர் வைத்தார்களே, அதில் எவ்வளவு கருத்து இருக்கிறது! அந்தத் தலைகளை நாம் ஒவ்வொருவரும் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். பசித்த உடம்போடு தூக்கும்போதுதான் அதன் பாரம் தெரியும்.

தூக்குகிற பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பு. போன வருடங்களில் சூரனை ஆட்டும்போது போட்டி வந்து, தண்டுக்கு இடம் பிடிப்பதில் வாய்த்தர்க்கம் நடந்தது. கீழ்த்தெருவும் மேல்த்தெருவும் என்று பிரிந்து நின்றீர்கள். இந்த வருடம் முன்தண்டுக்கு யார், பின்தண்டுக்கு யார் என்பதற்கு ஐயர் சீட்டுப் போடுவார். இரண்டு தெருப் பெயரும் ஒரே பாத்திரத்துக்குள் போடப்படும். தோள்மாறும் இடம் தேர்முட்டி. அதற்கு முதல் மாறக்கூடாது. வடக்கு வீதியில் வயதானவர்கள் இருப்பார்கள், அங்கே ஓட்டத்தைக் குறையுங்கள்.

மற்ற ஒழுங்குகளையும் சொல்லிவிடுகிறேன். காலைப் பூசை ஐந்தரைக்கு. காப்புக் கட்டுகிறவர்கள் அதற்கு முதல் தோய்ந்துவிட்டு வந்து பெயர் கொடுக்கவேண்டும். குளிசை எடுக்கிறவர்கள் காப்புக் கட்டும்போது ஐயரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். உங்களுக்கு எந்த முறை பொருந்தும் என்று அவர் சங்கற்பத்தில் சேர்த்துக்கொள்வார். இதைச் சத்தமாகச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்குக் கந்தபுராணப் படிப்பு. யுத்த காண்டம் வாசிப்போம். பேருருவப் பகுதி நாலாம் நாள் வரும்படி ஒழுங்கு செய்திருக்கிறோம். அன்றைக்கு ஒருவரும் தவறவேண்டாம். படிப்பு முடிய எல்லாருமாகக் கவசம் பாடுவோம். தெற்கு மண்டபத்தில் ஒரு கடகம் வைத்திருக்கிறோம். விரதத்தால் வீட்டில் மிஞ்சுகிற அரிசியை அதிலே கொண்டுவந்து போடுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதமாட்டோம், ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கவும் மாட்டோம்.

ஏழாம் நாள் காலை தெய்வானை அம்மன் திருக்கல்யாணம் முடிய காப்பு அவிழ்த்துப் பாறணை. தண்ணீர் விரதமிருந்தவர்கள் எடுத்தவுடன் சோறும் உறைப்புக் கறியும் சாப்பிடாதீர்கள், வயிறு தாங்காது. கோயில் மடத்தில் தண்ணிக்கஞ்சி காய்ச்சி வைத்திருப்போம். முதலில் அதைக் குடித்து, ஒரு மணி நேரம் பொறுத்துப் பிறகு பந்தியில் இருங்கள். கடகத்து அரிசியில்தான் அந்தக் கஞ்சியும் பாறணைச் சோறும். விரதம் பிடித்தவர், பிடியாதவர், இந்த ஊர்க்காரர், வழிப்போக்கர் எல்லாருக்கும் ஒரே பந்தி. முதற்பந்தியில் சூரன் தூக்கிய பிள்ளைகள் பரிமாறுவார்கள். இரண்டாம் பந்தியில் நானும் வாளி எடுப்பேன்.